நடை வேகத்தில் ஒரு மஞ்சள் கார்

அக்கா யாரையும் கேட்காமல் எதையும் செய்ததில்லை. யார் சொன்னபடியும் எதையும் செய்ததுமில்லை. மெல்பேர்னில் அவரை அறிந்த தமிழர்கள் எல்லோருக்கும் இந்த இரண்டும் தெரியும். முதலாவதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும். இரண்டாவது பிடிபடுவதற்குள் நம்மிடம் இருக்கிற அறிவு முழுவதையும் அவரிடம் கொட்டி முடித்திருப்போம்.

நானும் என் மனைவியும் திருச்சியிலிருந்து வந்து, சில வருடங்கள் வாடகை வீடுகளில் அலைந்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் கிளென் வேவர்லியில் ஒரு வீடு வாங்கினோம். பக்கத்து வீடு அக்காவினுடையது. யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை. நாங்கள் குடிபோன வாரமே வேலியின் மேலாக ஒரு கை நீண்டது. கையில் பெயிண்ட் கடையின் வண்ண அட்டைகள்.

"தம்பி, வேலிக்கு நிறம் அடிக்க வேணும். நீங்களும் பாக்கப்போற வேலிதானே. ஒரு அபிப்பிராயம் சொல்லுங்கோ."

புதிதாக வந்தவனை ஒரு பொருட்டாக மதித்துக் கேட்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அட்டைகளை வாங்கி வெயிலில் பிடித்தேன், நிழலில் பிடித்தேன். வெளிர்பச்சை, கண்ணுக்குக் குளிர்ச்சி, செடிகளோடு ஒத்துப்போகும், அழுக்கும் தெரியாது என்று காரண காரியங்களோடு விளக்கினேன். தலையை ஒருபக்கம் சாய்த்து, ஒரு சொல் விடாமல் கேட்டார். "வடிவாச் சொன்னீங்கள்" என்றார். அடுத்த சனிக்கிழமை வேலி செங்காவி நிறத்தில் நின்றது.

"பச்சைன்னு சொன்னீங்களாமே?" என்று என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது பேச்சைக் கேட்காவிட்டால் "வேலிக்குப் பெயிண்ட் அடிச்சாச்சு" என்று சொல்வது வழக்கமாயிற்று.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கேட்பது ஒப்புக்காக அல்ல. நான் சொன்ன காரணங்களை இரண்டு மாதம் கழித்து எனக்கே திருப்பிச் சொல்வார். 'அழுக்குத் தெரியாது எண்டு நீங்கள் சொன்னது சரிதான், தம்பி' என்பார், செங்காவி வேலியில் சாய்ந்துகொண்டு. அதை நினைத்தால் கோபம் கூட வராது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அகப்பையோடு வந்து நிற்பார். "உப்புக் காணுமோ?" காணாது, போதாது என்பவர்களும் கூடிப்போயிற்று என்பவர்களும் சம அளவில் இருப்பார்கள். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போவார். கறி இருந்தபடியே இருக்கும்.

மாத்திரை பற்றிக் கேட்டு அவருக்குத் தொலைபேசி செய்கிற பெரியவர்கள் அநேகம். அவர்களிடமும் இதே கதைதான். "உங்களுக்கு என்ன படுது, அங்கிள்?" என்று திருப்பிக் கேட்பார். எதிர்முனையில் இருப்பவர் முழங்காலில் தொடங்கி, மருமகளில் வந்து முடிப்பார். அக்கா "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டே இடியப்பம் பிழிவார். கடைசியில் டொக்டர் எழுதின மாத்திரையை டொக்டர் எழுதினபடியே போடச் சொல்வார்.

மகள் வாணி பள்ளி முடித்தபோது அவள் என்ன படிக்கலாம் என்று ஊரையே கேட்டார். ஊர் ஒரே குரலில் மருத்துவம் என்றது. நான் கணக்கியல் என்றேன். எனக்கு அந்தத் தொழில். வாணி மரம், செடி, கொடி பற்றிய படிப்பில் சேர்ந்தாள். அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது. சில அன்ரிமாருக்கு, அதாவது ஆன்ட்டிகளுக்கு, அதில் இன்றைக்கும் மனத்தாங்கல் உண்டு. அபிப்பிராயம் கேட்டுவிட்டு அவமானப்படுத்திவிட்டாராம்.

தன்னுடைய மஞ்சள் காரையும் அவர் இப்படித்தான் வாங்கினார். அது நான் வருவதற்கு முன்பு. எண்பதுகளில் கணவனோடும் கைக்குழந்தையோடும் ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில், வடமேற்கே மில்டுராப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. மெல்பேர்னுக்கு வந்துபோக ஒரு கார் வேண்டும். பார்த்தவர்களையெல்லாம் கேட்டார். எல்லோரும் சின்ன ஜப்பான் கார் வாங்கச் சொன்னார்கள். அக்கா ஒரு திராட்சைத் தோட்டக்காரரிடமிருந்து இந்த மஞ்சள் பூதத்தை வாங்கிக்கொண்டு வந்தார். எட்டு சிலிண்டர். இரண்டே கதவு. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த நாட்டிலேயே செய்தது. முன்பக்கம் மட்டும் ஒரு கட்டில் நீளம். சாவியைத் திருப்பினால் எங்கள் வீட்டுப் பாத்திர அலமாரி அதிரும். ஐந்தடிக்குக் கொஞ்சம் கூட இருக்கிற அக்கா முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு, பருத்திச் சேலையில், அதை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கிற இளைஞர்கள் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார்கள். இவர் கைகூப்புவார்.

அவருடைய கணவருக்கு அந்தக் காரைக் கண்டால் பயம். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அரசாங்க அலுவலகமொன்றில் வேலை பார்த்தார். பேச்சு குறைவு. ரயிலில்தான் போவார், வருவார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டால் கையிலிருக்கிற பத்திரிகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார்.

மில்டுரா வெயிலில் ஒருநாளும் மக்கர் பண்ணாத கார் அது. ஆனால் மெல்பேர்னுக்குத் தெற்கே கேரம் டவுன்ஸ் கோயிலில் கொதித்தது. ஒரு சிநேகிதியின் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அந்தக் காரைக் கேட்டார்கள். அக்காவும் பெருமையாக ஓட்டிக்கொண்டு போனார். கார் நிறுத்துமிடத்தின் மறுகோடியிலிருந்து கோயில் வாசல் வரைக்கும்தான் ஊர்வலம். நாதஸ்வரக்காரர் முன்னால் நின்று நிதானித்து வாசிக்கிறார். பின்னால் கார் ஊர்கிறது. பாதி வழியில் முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. மாப்பிள்ளை தலைப்பாகையோடு புகைக்குள்ளிருந்து இறங்கி வந்த காட்சி வீடியோவில் இருக்கிறது. மெல்பேர்ன் தமிழர் வீடுகளில் அந்தத் துண்டை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் காருக்குக் "கொதிச்ச கார்" என்றே பெயர்.

ஆகவே, 2007இல் வாணிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளையை அந்தக் காரில், அதுவும் தானே ஓட்டி அழைத்துவரப் போவதாக அக்கா சொன்னதும் எல்லோருக்கும் திக்கென்றது. மாப்பிள்ளை வீட்டார் சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டுக்காரர்கள். அவர்களுக்குக் காரின் பூர்வீகம் தெரியாது. முகூர்த்தமோ தை மாதம். ஊரில் தை என்றால் பனி. இங்கே அது மண்டையைப் பிளக்கிற கோடை.

வழக்கம்போல அக்கா எல்லோரிடமும் கேட்டார். எல்லோரும் வேண்டாம் என்றார்கள். மாப்பிள்ளையை அழைத்து வருவது பெண்ணின் சகோதரன் முறைக்காரன் செய்கிற வேலை, மாமியார் செய்கிற வேலையல்ல என்றார்கள். குளிர்சாதனம் போட்ட நீளக் கார் ஒன்றை வாடகைக்கு எடுக்கச் சொன்னார்கள். "இஞ்சாரும், கொஞ்சம் யோசியும்" என்றார் அண்ணன். அவர் அவ்வளவு பேசுவதே பெரிது. வாணி மட்டும், "அம்மா, ப்ளீஸ், இனி ஒருத்தரையும் கேட்காதேங்கோ. நீங்களே கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். பள்ளிக்கூட நாட்களெல்லாம் அந்தக் காரில் போய்வந்த பிள்ளை.

நானும் கேட்டேன். "ஏன்க்கா இவ்வளவு பிடிவாதம்? வழியில நின்னுபோச்சுன்னா வாணிக்குத்தானே கஷ்டம்?"

அக்கா அப்போது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தலையணை உறையை உதறிக்கொண்டே சொன்னார்.

"என்ர கலியாணம் எண்பத்து மூண்டில, தம்பி. கொழும்பில கலவரத்தில எல்லாம் எரிஞ்சு, நாங்கள் கப்பலில யாழ்ப்பாணம் வந்து இறங்கின கையோட. பெரியாக்கள் இருந்து கதைச்சு முடிவெடுத்திச்சினம். மாப்பிள்ளை ஆர், எண்டைக்கு, என்ன சேலை, எல்லாம். மேளமும் இல்லை, காரும் இல்லை. இவர் சைக்கிளில வந்து இறங்கினவர். என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. நல்ல மனுசன் கிடைச்சார், அது என்ர அதிர்ஷ்டம்." உறையைக் கொடியில் போட்டு கிளிப் மாட்டினார். "இது எனக்கு ஒரு ஆசை. மருமகனை நானே கூட்டிக்கொண்டு வர வேணும். மேளத்துக்குப் பின்னால, மெதுவா. அவ்வளவுதான்."

இதற்கு மேல் என்ன சொல்வது? சரி, கார் கொதிக்காமல் இருக்க வழி பார்ப்போம் என்று நானும் இறங்கினேன்.

எனக்கு அப்போதுதான் ரேடியேட்டர் பற்றிக் கொஞ்சம் புரிந்தது. எஞ்சினில் சூடான தண்ணீர், கார் முகப்பில் இருக்கிற இந்தத் தட்டைப் பெட்டியின் மெல்லிய குழாய்களில் ஓடி ஆறிவிட்டு மறுபடி எஞ்சினுக்குப் போகிறது. கார் வேகமாக ஓடினால் எதிர்க்காற்றே அதை ஆற்றிவிடும். அதனால்தான் மில்டுரா நெடுஞ்சாலையில் பிரச்சினை இல்லை. நடை வேகத்தில் எதிர்க்காற்று ஏது? பின்னால் இருக்கிற ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். பழைய காரின் ஃபேனைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சின் மெல்லச் சுழன்றால் ஃபேனும் மெல்லத்தான் சுழலும். நாதஸ்வரம் நின்று வாசித்தால் கார் கொதிக்கும். விஷயம் இவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல ஆளா இல்லை? கோயிலில் சந்தித்த பல் டொக்டர் ஒருவர், உள்ளதிலேயே பெரிய ரேடியேட்டராகப் போடச் சொன்னார். ஐயர், எதைப் போட்டாலும் ராகு காலம் கழித்துப் போடச் சொன்னார். நான் அலுவலகத்தில் இணையத்தை மேய்ந்து, ஒரு கட்டுக் காகிதம் அச்சடித்துக்கொண்டு வந்தேன். பித்தளையும் செம்பும் கலந்த பழைய வகையே அந்தக் காருக்கு அழகு, நான்கு வரிசைக் குழாய் வைத்துத் தடிமனாகச் செய்யச் சொல்லலாம் என்பது என் தீர்ப்பு. டண்டினோங்கில் ரேடியேட்டர் கடை வைத்திருந்த கிரேக்கரும் அதையே சொன்னார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தக் கடைக்கு நானும் போயிருந்தேன். கடைக்காரர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு அக்காவிடம் மரியாதையாகக் கேட்டார், பந்தயத்துக்கா, சும்மா ஞாயிற்றுக்கிழமை ஓட்டவா என்று.

"நடக்கிற வேகத்தில ஓட" என்று ஆங்கிலத்தில் சொன்னார் அக்கா.

அவர் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தார். அக்கா கடையின் நடுவில் நடந்து காட்டினார். நாதஸ்வரக்காரர் போல இரண்டு எட்டு வைத்து, நின்று, வலதுபக்கம் திரும்பி ஒரு ரசிகரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மறுபடி இரண்டு எட்டு. "இதுக்குப் பின்னால, தை மாதத்தில." வேலையாட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடைக்காரர் தன் பாட்டி ஊரிலும் கல்யாணத்துக்கு வாத்தியம் வாசித்துக்கொண்டு இப்படித்தான் நடப்பார்கள், ஆனால் கழுதைதான் வரும், கழுதை கொதிக்காது என்றார்.

அக்கா அவரிடம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். என் காகிதங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் சத்தமில்லை. பிறகு ஒரு மாலை வேலியோரம் நின்று, "தம்பி, இரண்டு வரிசை அலுமினியம் எண்டால் என்ன மாதிரி?" என்று கேட்டார். நான் அது கூடாது என்பதற்கு நான்கு காரணங்கள் சொல்லி முடித்தேன். அவர் கராஜுக்குள் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த அலுமினிய ரேடியேட்டரில் கருப்புப் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. பார்த்தால் பழையது போலத் தெரியட்டும் என்று தானே அடித்திருக்கிறார்.

"நீங்கள் தந்த பேப்பரிலதான் கிடந்தது, தம்பி. தடிப்பா இருந்தால் மெல்லிய காத்து ஊடால போகாதாம். எங்களுக்கு வேகம் இல்லையே, காத்துத்தானே முக்கியம். அதான் குழாய் அகலமா, தடிப்புக் குறைவா." பக்கத்தில் இரண்டு மின்சார ஃபேன்கள். எஞ்சின் எப்படிச் சுழன்றாலும் அவை தம்பாட்டில் முழு வேகத்தில் சுழலும். ரேடியேட்டரின் முதுகு முழுவதையும் மூடுகிற மாதிரி ஒரு தகரக் கூடு. அப்போதுதான் ஃபேன் இழுக்கிற காற்று மூலை முடுக்கெல்லாம் புகுந்து வருமாம். இரண்டு ஃபேனுக்கும் மின்சாரம் போதாமல் போகக்கூடாதென்று பெரிய ஆல்டர்னேட்டர் ஒன்றும் வாங்கியிருந்தார். கடைக்காரர் அத்தனையையும் பூட்டிக் கொடுத்தார். தடிமனானதைத்தான் தான் சொன்னதாக என்னிடம் தனியாக ஒருமுறை சொல்லி வைத்தார். அவருக்கும் வேலிக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, நல்ல வெயிலாகப் பார்த்து, எங்கள் தெருவில் ஒத்திகை நடந்தது. அக்கா காரில். நான் முன்னால் கேசட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அதில் நாதஸ்வரம். எனக்குப் பக்கத்தில் அண்ணன் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். "நிண்டு நிண்டு வாங்கோ, ஓடாதேங்கோ" என்று பின்னாலிருந்து அக்கா கத்தினார். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாயைத் தாழ்த்திவிட்டு, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். அக்கா காரை நிறுத்தி விளக்கம் சொன்னார். அதோடு விடாமல், ரேடியேட்டர் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்றும் கேட்டார். காரை விற்றுவிடு என்றார் கிழவர்.

தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தோம். வெப்பமானியின் முள் பாதியில் நின்றது நின்றபடி. அண்ணன் குடையை மடக்கிவிட்டு, முதல் தடவையாக அந்தக் காரின் முகப்பில் கைவைத்துப் பார்த்தார். "பரவாயில்லை" என்றார்.

கல்யாண நாள் காலை பத்து மணிக்கே அதே கேரம் டவுன்ஸ் கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் தார் இளகியது. இரண்டு கதவுக் காரில், தலைப்பாகையும் பட்டு வேட்டியுமாக மாப்பிள்ளை பின்சீட்டுக்குள் வளைந்து நுழைவது நடக்கிற காரியமில்லை. அதனால் மாப்பிள்ளை முன்சீட்டில் மாமியாருக்குப் பக்கத்தில். பின்சீட்டில் நான், இரண்டு தண்ணீர்க் கலன்களோடு. காஞ்சிப் பட்டில், கொண்டையில் மல்லிகையோடு, முதுகுத் தலையணையில் சாய்ந்து அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

புறப்படுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். கூடவே இரண்டு பேர் ஒரு மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிட்னியில் கட்டுவித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பத்து மணி நேரத்துக்கு மேல் காரில் கொண்டுவந்த மாலை. ரோஜாவும் செவ்வந்தியும், பின்னால் அடர்த்தியாகப் பச்சை இலைகளும். தொடை தடிமன் இருக்கும். "சம்பந்தி, காருக்கு மாலை இல்லாமலோ மாப்பிள்ளை போறது?" என்று சிரித்துக்கொண்டே, தன் கையாலேயே காரின் முகப்பில் இந்த விளக்கிலிருந்து அந்த விளக்கு வரைக்கும் மூன்று மடிப்பாகச் சுற்றிக் கட்டினார். காற்று புக வேண்டிய கம்பித் தடுப்பு முழுவதும் பூவுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

வெயில், வேகம், நாதஸ்வரம் எல்லாவற்றையும் நாங்கள் சோதித்துப் பார்த்திருந்தோம். மாலையை ஒருவரும் யோசிக்கவில்லை. தமிழ்க் கல்யாணத்தில் மாலை வரும் என்று யோசிக்காத தமிழர்கள் நாங்கள்.

அக்கா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். சம்பந்தி, அதுவும் மாப்பிள்ளையின் அம்மா, ஆசையாகக் கட்டுகிற மாலை. என்ன சொல்லி அவிழ்க்கச் சொல்வது? "நல்ல வடிவு" என்று மட்டும் சொன்னார்.

நாதஸ்வரம் தொடங்கியது. கார் ஊர்ந்தது. சம்பந்தியம்மா மாலையைப் பார்த்துக்கொண்டே எங்களுக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். கொஞ்ச தூரத்தில் முள் பாதியைத் தாண்டியது. ஃபேன்கள் இரண்டும் அலறின. இழுக்கக் காற்றில்லாமல் பாவம் அவை என்ன செய்யும்? நாதஸ்வரக்காரருக்கு அன்றைக்கென்று நல்ல கூட்டம். ஒரு பெரியவர் தலையாட்டினார் என்று அவர் நின்று அவருக்காகவே ஒரு சுற்று வாசித்தார். முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறியது. கோயில் வாசலில் தட்டங்களோடு நிற்கிறவர்கள் தெரிகிறார்கள். பழைய வீடியோவில் நின்ற முகங்களே பாதி. இதற்காகவா இந்த மனுஷி இத்தனை மாதம் அலைந்தார் என்று தாங்க முடியாமல் இருந்தது.

அக்கா வழியிலிருந்து கண்ணை எடுக்காமல், குரலைத் தாழ்த்தி, மாப்பிள்ளையிடம் சொன்னார்.

"தம்பி, கார் கொதிக்கப் போகுது. நிப்பாட்டி உங்கட அம்மான்ர மாலையைக் கழட்டலாம். அவ மனம் நோகும். இல்லாட்டி, ஹீட்டரைத் திறந்துவிடலாம். எஞ்சின்ர சூடு கொஞ்சம் எங்கட பக்கம் வந்திடும், அது தப்பும். ஆனால் உள்ளுக்க நாங்கள் வெந்து போவம். உங்கட கலியாணம். நீங்கள் சொல்லுங்கோ, என்ன செய்வம்?"

நான் பின்னால் வாயைத் திறந்துவிட்டேன். எனக்கு அபிப்பிராயம் தயாராக இருந்தது. அதற்குள் அந்தப் பையன் அவர் பக்கம் திரும்பினான். இங்கேயே வளர்ந்தவன், தமிழ் யோசித்து யோசித்துத்தான் வரும்.

"எனக்குத் தெரியாது, மாமி. உங்களுக்கு எது சரியெண்டு படுதோ, அதைச் செய்யுங்கோ."

கண்ணாடியில் எனக்கு அக்காவின் முகம் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்கள் நிரம்பி வழிந்தன, துடைக்கக் கையில்லை. அவர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு எத்தனையோ விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்தப் பதில் எனக்குத் தோன்றியதே இல்லை. வேறு யாருக்கும் தோன்றியதாகவும் தெரியவில்லை.

பிறகு இடது கையை நீட்டி, ஹீட்டரின் பிடியைக் கடைசி வரை தள்ளினார்.

அடுப்பைத் திறந்தது போல உள்ளே வந்தது சூடு. மாப்பிள்ளையின் நெற்றிச் சந்தனம் மூக்கு வரைக்கும் இறங்கியது. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டியது. ஜன்னல்கள் திறந்திருந்தும் மூச்சு முட்டியது. முள் சிவப்புக்கோட்டின் ஓரத்தில் கொஞ்சம் தயங்கியது. பிறகு ஒரு மயிரிழை இறங்கியது, இன்னும் ஒன்று. மாப்பிள்ளை அதைக் கண்டுவிட்டு மாமியாரைப் பார்த்துச் சிரித்தான். அவர் அழுகையும் சிரிப்புமாக, நாதஸ்வரத்துக்குப் பின்னால், அவர் ஆசைப்பட்டபடியே மெதுவாக ஓட்டினார். மாலை அப்படியே இருந்தது. கொஞ்சம்கூட ஆவி கிளம்பவில்லை.

கோயில் வாசலில் இறங்கியபோது மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம். அக்காவின் கண்மை கன்னத்தில் ஓடியிருந்தது. சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார். "பெத்த மனம் அப்பிடித்தான்" என்று சுற்றி நின்ற அன்ரிமார் தங்கள் கண்களையும் துடைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் கையிலிருந்த தட்டத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்னப்பா, அழுகிறீரே?"

"ஹீட்டர் போட்டனான்" என்றார் அக்கா.

அண்ணன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து, அத்தனை பேர் பார்க்க, மனைவியின் முகத்தைத் துடைத்துவிட்டார்.